குளோரேட்டும் கபடியும்: சிவகாசி வட்டாரத்தில் ஒரு பயணம்

விருதுநகர்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் திருமங்கலத்தைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. காவிரிப் படுகையின் வண்டலுக்குப் பழகிய கண்களுக்கு, வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலும் அதன்மேல் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலமும், பயிரை மட்டும் நம்பி வாழ இயலாத ஒரு நிலத்தின் முதல் அறிமுகமாக அமைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மலையே தடுத்துவிடுவதால் மழை குறைந்துபோன நிலப்பரப்பில் அமைந்த இம்மாவட்டம், 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வயல் கைவிட்ட இடத்தில் வணிகமும் தொழிற்கூடமும் சோறு போட்டன என்பதே இவ்வட்டாரத்தின் வரலாற்றுச் சுருக்கம்.

முன்னர் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரின் கடைவீதியை மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் மொத்த வணிகம் இன்றும் காலை முதல் நிரப்புகிறது; நாளிதழ்களில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்ற தலைப்பில் வெளிவரும் விலைப்பட்டியலைத் தென்மாவட்டத்து மளிகைக் கடைக்காரர்கள் வானிலை அறிக்கைக்கும் முன்னதாகப் படிப்பவர்கள். இவ்வூர் நாடார் உறவின்முறையினர், அதாவது ஓர் ஊரில் வாழும் ஒரு சமூகத்துக் குடும்பங்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட நிருவாக அமைப்பினர், வணிகத்தில் கைமாறும் சரக்கின்மீது மகமை என்ற பெயரில் சிறு தொகையை ஒதுக்கிப் பொது நிதி சேர்த்து, 1889இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை நிறுவினர். அங்குப் படித்துப் பாதியில் நின்ற காமராசர் பிற்காலத்தில் முதலமைச்சராகிப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கியதை எல்லோரும் அறிவர். மகமையும் மதிய உணவும் காட்டும் உண்மை ஒன்றே: ஏழையின் ஒரு பகல் பொழுது, அப்பொழுதின் செலவை வேறு யாரேனும் ஏற்றுக்கொண்டால்தான் அவருடையதாகிறது. படிப்புக்குப் பொருந்தும் இவ்விதி விளையாட்டுக்கும் பொருந்துமா என்ற வினாவே இப்பயணத்தை வழிநடத்தியது.

மாலையில் எண்ணெய்ப் பரோட்டாக் கடைகளின் முன் கூட்டம் சேர்கிறது. பிற ஊர்களில் கல்லில் போட்டு வாட்டப்படும் பரோட்டா இங்கு எண்ணெயில் மிதந்து பொரிகிறது. தொட்டால் நொறுங்கும் முறுகலுடன் இலைக்கு வந்து, சால்னாவில் ஊறிய சில நொடிகளில் மெத்தென்று ஆகிவிடுகிறது. தஞ்சைப் பக்கத்து ஓட்டல்களில் இரவு உணவு பெரும்பாலும் இட்லியோடு அடங்கிவிடும்; இங்கோ மூட்டை சுமந்தவரும் கணக்கெழுதியவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பசியாறுகின்றனர். அத்தகைய ஒரு கடையில் மாவு வீசிக்கொண்டிருந்த இளைஞரின் முன்கையில் நீண்ட தையல் வடு இருந்தது. அடுப்பில் பட்ட காயமா என்று கேட்டதற்கு, “இல்லண்ணே, கபடி. கேட்ச் போடும்போது வெலகிருச்சு, ரெண்டு மாசம் கடைக்கு வரல” என்றார். அந்த இரண்டு மாதங்களுக்கும் கூலி கிடைத்ததா என்ற அடுத்த கேள்விக்கு அவர் சிரித்ததோடு சரி.

சாத்தூர்

வைப்பாற்றங்கரையில் அமைந்த சாத்தூர், ஆற்றில் நீரைவிட மணலையே அதிக மாதங்கள் பார்க்கும் ஊர். ஆயினும் இவ்வூர் வெள்ளரிப் பிஞ்சு, பேருந்துகளின் சன்னல் வழியே கட்டுக்கட்டாக விற்கப்படும் அளவுக்கு விளைகிறது. உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிய அப்பிஞ்சைக் கடிக்கும்போது, இக்கரிசல் தன் ஈரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்ற வியப்பு எழும். சாத்தூர்க் காராச்சேவு தமிழகமெங்கும் பெயர் பெற்றது. பூண்டும் மிளகாயும் அரைத்துச் சேர்த்த கடலை மாவை, துளையிட்ட கரண்டியின்மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் விழச்செய்யும் அந்த வேலைக்குத் தோள்வலு வேண்டும்.

அவ்வாறு சேவு தேய்த்துக்கொண்டிருந்த, அறுபதைக் கடந்த ஒருவர், தம் இளமையில் இவ்வட்டாரத்துக் கபடிக் குழு ஒன்றில் கார்னர் நின்றவர். கபடியில் ஓர் அணிக்கு எழுவர். எதிரணியிலிருந்து மூச்சடக்கிப் பாடி வருபவரைத் தொடவிடாமல் அல்லது தொட்டபின் நடுக்கோட்டுக்குத் திரும்பவிடாமல் மடக்குவது தற்காப்பாளரின் வேலை. அவர்களுள் இரு ஓரங்களில் நின்று, பாடி வருபவரின் கணுக்காலையோ தொடையையோ முதலில் பற்றுபவர் கார்னர். அவரை அடுத்து நின்று உடலால் மோதித் தடுப்பவர் கவர். பாடிச் சென்று புள்ளி எடுப்பவரின் பெயரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்; கார்னருக்கும் கவருக்கும் எஞ்சுவது முட்டி வலி மட்டுமே. “அந்தக் காலத்துல செயிச்சா ஒரு ஆட்டுக்கிடா, ஒரு பித்தள அண்டா. அண்டா இன்னும் வீட்டுல இருக்கு தம்பி, முட்டிதான் போயிருச்சு” என்று கூறிய அப்பெரியவர், சடுகுடு என்று ஊருக்கொரு விதமாக ஆடப்பட்ட ஆட்டம் கபடி என்ற ஒரே விதிமுறைக்குள் வந்ததைத் தம் கண்ணெதிரே கண்டவர். அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு 1950இல் தோன்றியது. எனினும் அதன் விதிப்புத்தகம் கரிசல் காட்டுக் களங்களை வந்தடைய வெகுகாலம் ஆயிற்று.

சிவகாசி

சிவகாசியின் தொழில் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டதால் இங்குச் சுருக்கமே போதும். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலைத் தொடர்ந்து பட்டாசும், தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிளை அடித்துத் தரப்போய் அச்சுத் தொழிலும் இவ்வூரில் வேரூன்றின. நேரு இவ்வூரைக் ‘குட்டி ஜப்பான்’ என்று புகழ்ந்தார். இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பங்கு இவ்வட்டாரத்தில்தான் செய்யப்படுகிறது. ஊர் மக்கள் தொழிற்சாலை என்ற சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பதே பேச்சு வழக்கு.

அந்த ஆபீசுகளுக்குள் நுழையும் வேதிப்பொருள்களுள் ஒன்று, இக்கட்டுரையின் மறு பாதியை ஏழு கடல் தாண்டி இங்கிலாந்துக்கு இட்டுச் செல்கிறது. தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டு. உரசும்போது எழும் வெப்பத்தில் ஆக்சிசனை வெளிவிட்டு உடனிருக்கும் கந்தகத்தைப் பற்றியெரியச் செய்யும் உப்பு அது. உராய்வுக்கும் அதிர்வுக்கும் மிக எளிதில் வெடித்துவிடும் என்பதால் பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் கலப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. தீக்குச்சித் தலை போன்ற சில பயன்களுக்கு மட்டும் அக்கலவை அனுமதிக்கப்படுகிறது. இவ்வுப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமளவில் உற்பத்தி செய்த இடங்களுள் வடமேற்கு இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு அருகிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் என்ற இரு நகரங்கள் குறிப்பிடத்தக்கவை. 1899 மே மாதம் செயின்ட் ஹெலன்சில் இருந்த கர்ட்ஸ் வேதித் தொழிற்சாலையில் சேமிக்கப்பட்டிருந்த குளோரேட்டு தீப்பற்றி வெடித்து, உயிர்களைப் பலிகொண்டதுடன் சுற்றியிருந்த தெருக்களையும் உருக்குலைத்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேரைக் கொன்ற பட்டாசு ஆலை விபத்தை நினைவில் வைத்திருக்கும் ஊரில், செயின்ட் ஹெலன்ஸ் செய்தியை எடுத்துரைத்தபோது கேட்டவர் எவரும் வியக்கவில்லை. எந்த ஆலை, எத்தனை பேர் என்று மட்டும் விசாரித்தனர்.

செயின்ட் ஹெலன்சும் விட்னசும் உலகுக்கு அளித்த மற்றொன்று ரக்பி லீக் விளையாட்டு வீரர்கள். விட்னஸ் அணியின் பழைய பட்டப்பெயரே ‘கெமிக்ஸ்’, அதாவது வேதித் தொழிற்சாலைக்காரர்கள். ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியினர் உடலைப் பற்றி வீழ்த்துவதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிக்கும் ஆட்டம். இங்கிலாந்தின் தென்பகுதியில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஊதியமின்றி ஆடிய அவ்வாட்டத்தை வடபகுதியில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஆடினர். சனிக்கிழமையும் பாதிநாள் வேலை இருந்த அக்காலத்தில், ஆட்டத்துக்குப் போனவருக்கு அந்தப் பாதிநாள் கூலி போயிற்று. இழந்த நேரத்துக்கு ஈடாகச் சிறு தொகை தரலாம் என்ற வடபகுதிக் கழகங்களின் கோரிக்கையை ரக்பி ஒன்றியம் 1893இல் வாக்கெடுப்பில் நிராகரிக்கவே, 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனி ஒன்றியம் கண்டன; அவ்வொன்றியத்தின் ஆட்டமே ரக்பி லீக். செயின்ட் ஹெலன்சும் விட்னசும் அத்தொடக்கக் கழகங்களுள் அடங்கும். ஒரு விளையாட்டு, அரைநாள் கூலியின் பொருட்டு இரண்டாகப் பிளந்த வரலாறு உலகில் அரிது.

பிளவுக்குப் பின்னும் தயக்கம் தீரவில்லை. 1898இல் புதிய ஒன்றியம் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாக ஊதியம் தர இசைந்தபோது, ஊதியம் பெறுபவர் உண்மையான வேறொரு வேலையிலும் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வேலை இழந்தவர் ஆட்டத்தையும் இழந்தார். 1905இல்தான் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் இதன் நேர் எதிர்வடிவத்தைக் காணலாம். இங்கு வேலை இருப்பதால் ஆடுவதைவிட, வேலை கிடைப்பதற்காக ஆடுபவரே மிகுதி. அரசுப் பணியிடங்களில் விளையாட்டு வீரருக்கென 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது, இரயில்வேயும் காவல்துறையும் மின்வாரியமும் வங்கிகளும் அணிகள் வைத்துள்ளன. கிராமத்துப் பையன் கபடிக் களத்தில் கழிக்கும் ஆண்டுகள் அத்தகைய ஒரு வேலைக்கான நீண்ட விண்ணப்பமே.

வெம்பக்கோட்டைச் சாலை

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை செல்லும் சாலையின் இருபுறமும், பட்டாசு ஆலைகளின் சிறு சிறு அறைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் பொட்டலில் நிற்கின்றன; ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காக விதிகள் கட்டாயமாக்கிய இடைவெளி அது. மருந்துக் கலவை, குழாயில் மருந்து அடைத்தல், திரி வைத்தல் என ஒவ்வொரு பணிக்கும் தனி அறை. மாலை ஐந்து மணியளவில் ஆலை வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குத் திரும்புகின்றன. அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூசியது போன்ற கைகளுடன் இறங்கும் அவர்கள், கண்மாய்க் கரையில் நடக்கும் ஆட்டத்தை நின்று பார்ப்பதில்லை. அவர்களுக்கு வீட்டில் அடுத்த வேலை தொடங்குகிறது. இவ்வட்டாரத்துக் கபடியைப் பற்றி எழுதுவோர் ஆண்களைப் பற்றியே எழுத நேர்வதன் காரணம் இதற்குள் இருக்கிறது.

கண்மாய்க் கரைக் களம், கல் பொறுக்கிச் சலித்த மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு அமைக்கப்பட்டது. ஆடியவர்களுள் ஒருவர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் பணிபுரிபவர்; இன்னொருவர் பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றுபவர்; கல்லூரி மாணவர்கள் மூவர். அணியின் போட்டி அறிவிப்பு, பலவண்ணத்தில், முதல் பரிசுத் தொகையும் சுழற்கோப்பை வழங்குவோரின் படங்களுமாக, சிவகாசியிலேயே அச்சாகியிருந்தது. இரவு முழுவதும் குழல்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் இத்தகைய போட்டிகளுக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து முப்பது, நாற்பது அணிகள் நுழைவுக் கட்டணம் செலுத்தி வருகின்றன. பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தின் வடபகுதியோடு ஒப்பிடுகையில் பெரும் வேறுபாடு இவ்விடத்தில்தான் உள்ளது: அங்கே வாயிலில் சீட்டு வாங்கி உள்ளே வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரின் சில்லறை கழகத்தின் வருவாயாகி, அதிலிருந்து ஆட்டக்காரர் தம் பங்கைக் கேட்க முடிந்தது, இங்கே செலவின் பெரும்பகுதி ஊர்ப் பெரியவர்களின் கொடையாக வருவதால், கொடையிடம் யாரும் பங்கு கேட்பதில்லை, நன்றி மட்டும் சொல்கின்றனர். களத்தில் ஆடிய அச்சகத் தொழிலாளி இதைத் தம் வழியில் விளக்கினார்: “சனிக்கெழம ராத்திரி ஆடுனா ஞாயித்துக்கெழம ஓவர்டைம் போயிரும் அண்ணாச்சி. கோப்பைய வீட்டுல கொண்டுபோயி வச்சா, இதுல எத்தன படி அரிசி அளக்கலாம்னு கேக்காக.”

செயின்ட் ஹெலன்ஸ் ரக்பி லீக் அணியில் ஆடிய ஆலன் பிரெஸ்காட் இக்களத்தில் நின்றிருந்தால் கவர் இடத்துக்குத்தான் அனுப்பப்பட்டிருப்பார். 1927இல் விட்னசில் பிறந்த பிரெஸ்காட், ஹாலிஃபாக்ஸ் கழகத்தில் விளிம்பில் ஓடும் ஆட்டக்காரராகத் தொடங்கி, 1949இல் செயின்ட் ஹெலன்சுக்கு மாறியபின் முன்வரிசைக்கு வந்தவர். ரக்பி லீக்கில் ஓர் அணிக்குப் பதின்மூவர். அவர்களுள் அறுவர் முன்வரிசையினர். ஆட்டம் நின்று மீளும்போது இரு அணிகளின் முன்வரிசையினரும் தோளோடு தோள் கோத்து, தலைகுனிந்து, எதிரெதிரே முட்டித் தள்ளுவர். இதற்கு ஸ்கிரம் என்று பெயர். அந்தப் பிணைப்பின் முதல் வரிசையில் நடுவில் நிற்பவரை இருபுறமும் தாங்குபவர் புராப், அதாவது முட்டுத்தூண். பின்வரிசையினர் ஓடிப் புள்ளி சேர்க்க, புராப் பந்தை வாங்கி எதிரணிக் கூட்டத்துக்குள் நேராகப் புகுந்து, நான்கு கெசம் முன்னேறி, இருவரோ மூவரோ மேலே விழ மண்ணில் சாய்ந்து, எழுந்து, மீண்டும் அதையே செய்ய வேண்டும். அக்காலத்தில் ஓர் அணி எத்தனை முறை மடக்கப்பட்டாலும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால் இவ்வேலைக்கு முடிவே இல்லை. மடக்கல்களுக்கு எண்ணிக்கை வரம்பு 1966இல்தான் வந்தது.

அத்தகைய பணியில் இருந்துகொண்டே பிரெஸ்காட் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கும் பிரிட்டன் அணிக்கும் தலைவரானார். 1956இல் வெம்பிளி மைதானத்தில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில், தாம் முதலில் ஆடிய ஹாலிஃபாக்ஸ் கழகத்தை 13-2 என்ற கணக்கில் வென்று, செயின்ட் ஹெலன்சுக்கு அதன் முதல் சேலஞ்ச் கோப்பையைப் பெற்றுத் தந்ததோடு, சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் விருதையும் அவர் பெற்றார். ஓடிப் புள்ளி சேர்ப்பவர்கள் கண்ணை நிறைக்கும் ஆட்டத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றமை, முட்டுத்தூணின் வேலையையும் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே நடுவராக இருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் அவ்வாறு ஊர்க் களத்திலிருந்து உச்சிக்குச் சென்றவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ச்சுனா விருது பெற்ற அவருடைய வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் ‘பைசன்’ திரைப்படத்தை எடுத்தார். தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், 2016இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்த தற்காப்பாளர். காவிரிப் படுகையில் அறுவடை முடிந்தபின் வயலே களமாகிவிடும்; அம்மாதங்களில் இளைஞருக்கு ஓய்வும் இருக்கும். பட்டாசு வட்டாரத்தின் ஓய்வு வேறு வகையானது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக்கிடக்கின்றன. அது கூலியில்லாத ஓய்வு. வடகிழக்குப் பருவமழை நாள்களில் மருந்து உலராமல் வேலை நிற்பதும் அப்படியே. ஆடுவதற்கு நேரம் கிடைக்கும்போது உண்பதற்குப் பணமில்லை, பணம் வரும்போது நேரமில்லை என்ற நிலையில் ஒரு வீரர் உருவாவது, ஊரார் சொல்வதுபோல், சாமி செயல்தான்.

திருவில்லிபுத்தூர்

மேற்கே செல்லச் செல்ல மலை நெருங்கிவர, கரிசல் பின்வாங்கித் தென்னையும் நெல்லும் தலைகாட்டுகின்றன. ஆண்டாள் கோயில் கோபுரம் தொலைவிலிருந்தே வழிகாட்டுகிறது. அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல இக்கட்டுரைக்கு எதுவும் இல்லை. பால்கோவாக் கடைகளில் பாலையும் சீனியையும் தவிர வேறெதுவும் சேர்க்காமல், விறகடுப்பில் வைத்துக் கிளறிச் சுண்டவைக்கும் பணியாளரின் தோள்கள், சாத்தூர்ச் சேவுக் கடைக்காரரின் தோள்களுக்குச் சளைத்தவையல்ல. 2019இல் இவ்வினிப்பு புவிசார் குறியீடு பெற்றது, அதாவது இவ்வூரில் இம்முறையில் செய்தாலொழிய இப்பெயரில் விற்கக்கூடாது என்ற சட்டக் காப்பு கிடைத்தது. பொருளுக்கு ஊர்ப்பெயரால் காப்பு கிடைக்கும் காலத்தில், அவ்வூர்ப் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடுபவருக்கு அப்படியொரு காப்பு வாய்க்கவில்லை.

புரோ கபடி லீக் 2014இல் தொடங்கி, தமிழ்த் தலைவாஸ் அணி 2017இல் அதில் சேர்ந்தபின், ஏலத்தில் இலட்சங்கள் பேசப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து வளரும் பையன்கள் இவ்வூர்ப் பள்ளி மைதானங்களில் செயற்கை விரிப்பில் ஆடிப்பழக விரும்புகின்றனர். விரிப்பில் ஆடக் காலணி வேண்டும், காலடி வேகமும் வேறு. மண்ணில் ஆடிப் பழகியவர் விரிப்பில் வழுக்குகிறார், விரிப்பில் பழகியவர் மண்ணில் தோலை இழக்கிறார். ஏல மேடையை எட்டுபவர் ஆயிரத்தில் ஒருவர். எஞ்சியோர் அனைவரும் ஊர்க் களத்துக்கும் ஆலை வேனுக்கும் இடையே ஆடி முடிப்பவர்கள். அந்த ஒருவரின் கதையையே செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதுவது, எஞ்சியோருக்கு நன்மையை விடத் தீமையையே அதிகம் செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

சத்திரப்பட்டி

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகளின் ஓசை தெருக்களை நிறைக்கிறது. இங்கு நெய்யப்படுவது உடுத்தும் துணியன்று. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும், மருந்திட்டு மூடும் மெல்லிய வலைத் துணியும் இவ்வூரில் பெருமளவில் நெய்யப்பட்டு, வெளுக்கப்பட்டு, நாடெங்கும் அனுப்பப்படுகின்றன. வெளுத்த துணிகள் வெயிலில் நீள நீளமாக உலரும் முற்றம் ஒன்றில், தறி உரிமையாளர் விருந்தினருக்குப் பருத்திப்பால் கொடுத்து, தம் துணி எந்தெந்த மாநிலத்துக்குப் போகிறது என்று பெருமையுடன் எண்ணிச் சொன்னார். தறிக்காரர்களின் பிள்ளைகளும் கபடி ஆடுகின்றனர். காயத்துக்குக் கட்டும் துணிக்கு மட்டும் இங்குப் பஞ்சமில்லை என்று அவர் நகைத்தார்.

காயம் என்றதும் மீண்டும் பிரெஸ்காட் நினைவுக்கு வருகிறார்; அவர் வாழ்வில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் நாள் 1958 சூலை 5. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் அந்நாட்டு அணியுடன் இரண்டாவது டெஸ்ட் ஆட்டம். முதல் ஆட்டத்தைப் பிரிட்டன் சிட்னியில் இழந்திருந்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே பிரெஸ்காட்டின் வலது முன்கை முறிந்தது. டேவ் போல்டன் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து வெளியேறினார். விட்னசில் பிறந்த மற்றொரு முன்வரிசைக்காரரான வின்ஸ் கராலியஸ் உட்பட வேறு சிலரும் காயமுற்றனர். அந்நாளில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில் இடமில்லை. வெளியேறினால் அணிக்கு ஓராள் குறையும், அவ்வளவே. இடைவேளையில் மருத்துவர் தடுத்தும் கேளாமல், தொங்கிய கையுடன் பிரெஸ்காட் இறுதிவரை ஆடினார். பிரிட்டன் 25-18 என்று வென்று, மூன்றாவது ஆட்டத்தையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. அந்த மூன்றாவது ஆட்டத்தில் அவர் இல்லை. அதன்பின் அவர் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடவில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில் இது இன்றும் வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது, அவ்வீரத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் பட்டாசு வட்டாரத்தைச் சுற்றி வந்த கண்ணோடு அக்கதையைப் படிக்கும்போது, முறிந்த கையைவிட அதை ஆட வைத்த விதியே உறுத்துகிறது. மாற்று ஆட்டக்காரருக்கு இடமளிக்கும் விதி 1964இல்தான் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் வீரக் கதை ஒன்று குறைந்து, ஒரு மனிதரின் ஆட்ட வாழ்வு நீண்டிருக்கும். ‘குட்டி ஜப்பான்’ என்ற புகழுரையிலும் இதே சிக்கல் உண்டு: தாங்கிக்கொள்பவரைப் பாராட்டும் ஊர், தாங்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்பதைத் தள்ளிப்போடுகிறது. பணியிடத்தில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் இந்தியாவில் 1923 முதலே இருக்கிறது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய ஆண்டும் அதுவே. ஞாயிற்றுக்கிழமைக் களத்தில் முட்டி நழுவும் அதே தொழிலாளிக்கு அச்சட்டம் பொருந்தாது. அவருக்கு ஊர் தருவது துண்டும் கைதட்டலும்.

இக்குறையை நீக்கப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பங்குனிப் பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் போட்டி நடத்தும் ஊர்க்குழுவினர், கோப்பைக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, களத்தருகே ஆம்புலன்சு ஒன்றை நிறுத்துவதற்கும், பதிவு செய்த ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு எடுப்பதற்கும், காயமுற்றவர் வேலைக்குத் திரும்பும் நாள்வரை அவருடைய நாட்கூலியைத் தருவதற்கும் செலவிட வேண்டும். அவ்வாறு செய்வோம் என்ற உறுதியை முதல் பரிசுத் தொகைக்கு மேலே, பெரிய எழுத்தில், போட்டி அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். அச்சிட்டுத் தருவதற்குச் சிவகாசியில் அச்சகங்களுக்குக் குறைவில்லை.